இரண்டு சரித்திரங்கள்

சமீபத்தில் அடுத்தடுத்து நான் வாசித்து முடித்த நூல்களில் ஒன்று, வத்தலக்குண்டு ராஜமையர் 1893 முதல் 'விவேக சிந்தாமணி'ப் பத்திரிகையில் தொடராக எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' என்னும் நாவல். மற்றொன்று, மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1940 முதல் 'ஆனந்த விகட'னில் எழுதிவந்து, 1942-இல் காலமானபோது பூர்த்தி செய்யாமலே விட்டுச்சென்ற 'என் சரித்திரம்'.

இருபது வயதைச் சற்றே கடந்த வாலிபரான ராஜமையர், சிறுகுளம் என்னும் கிராமத்தின் வம்பையும் வாத்ஸல்யத்தையும் இத்தனை ஜீவனோடு சித்திரித்திருப்பது ஆச்சரியமே. பிற்பகுதியில் வேதாந்தம் கதையை மிஞ்சிவிடுகிறதென்றாலும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வரும் பக்கங்களுக்காக அதனையும் நான் சந்தோஷமாகப் பொறுத்துக்கொள்வேன்.

சாமிநாதையரவர்கள் நூலிலோ என் மனம் லயித்து நின்ற இடம், ஏடும் எழுத்தாணியுமாக மாணாக்கர் காத்திருக்க, அவருடைய ஆசிரியரான மகாவித்துவான் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை குறிப்பு ஏதுமின்றி மனத்திலேயே செய்யுட்களை இயற்றி, எழுதுபவர் கை ஓய்ந்தாலும் தாம் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும் அந்தக் காட்சிதான். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து முதல் நாளில் அப்பெரும்புலவர் உயிர் நீங்கும் தறுவாயில், அவர் விருப்பப்படி திருவாசகத்து அடைக்கலப்பத்தை மாணாக்கர் வாசித்ததைச் சொல்லும் அத்தியாயத்தில் அலங்காரமான வாக்கியம் ஒன்றேனும் இல்லை. துக்கமோ முழுமையாக இருக்கிறது.

தமிழ் உரைநடையில் குருபக்தியை இதனினும் மேலாக எழுதிய நூல் வேறொன்றை நான் வாசித்ததில்லை. அன்பர்கள் முதலில் நாவலையும், பின்னர் அவகாசமாக இதனையும் வாசிக்க வேண்டுகிறேன்.