செயற்கைக்கோள் சொல்லும் உயரம்: தேங்காய்ப்பட்டணத்துக்குப் போதுமா?

குமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணம் கரையில் அலை வந்து தொடும் இடத்தில், செயற்கைக்கோள் வழியே இடமும் உயரமும் அளக்கும் ஒரு டிஜிபிஎஸ் கருவியை நிறுத்தினால், திருத்தாத உயரம் மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். கருவியில் பழுதில்லை. பூமிக்குப் பொருத்தி வரைந்த ஒரு கணித நீள்கோளத்திலிருந்துதான் அது அளக்கிறது. கடல்மட்டத்தையோ ஈர்ப்புதான் தீர்மானிக்கிறது. ஜியாய்டு எனப்படும் அந்த ஈர்ப்புப் பரப்பு உலகிலேயே அதிகமாகத் தாழ்ந்திருப்பது குமரிமுனைக்குத் தெற்கே உள்ள இந்தியப் பெருங்கடலில்: நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே.

எனவே இந்தக் கரையில் ஈர்ப்பு மாதிரி இல்லாமல் செயற்கைக்கோள் உயரத்துக்குப் பொருளே கிடையாது. பரவலாகப் பயன்படும் இஜிஎம்2008 என்ற உலக ஈர்ப்பு மாதிரி சுமார் 9 கிலோமீட்டர் அளவுள்ள கட்டங்களில் ஈர்ப்பைச் சொல்கிறது. உலகம் முழுவதையும் ஒரே அளவுகோலில் கொண்டுவந்தது பெரிய சாதனை. ஆனால் அது தடுமாறும் இடம் கடலோரம்தான். கடற்பரப்பின் உயரத்தை அளந்து ஈர்ப்பைக் கணிக்கச் செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை, கரையை நெருங்கும்போது நிலத்திலும் பட்டுத் திரும்பிக் குழம்புகிறது. குமரி மாவட்டத்திலோ கடலுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடைவெளி குறைவு. அந்தக் குறுகிய தூரத்தில் மாறும் ஈர்ப்பு 9 கிலோமீட்டர் கட்டத்துக்குள் முழுதாகப் பிடிபடாது. நிலத்தில் நெருக்கமாக ஈர்ப்பு அளக்காத இடங்களில் பிழை சில பத்து சென்டிமீட்டர் வரை போகலாம்.

மலையேறுபவருக்கு அது ஒன்றுமில்லை. இங்கே நிலை வேறு. திருவிதாங்கூர் அரசு வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அதைத் தூர்வாரி நீரோட்டத்தை மீட்க வேண்டுமென்றால், கிலோமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சரிவுகூடப் பெரிய விஷயம். இரண்டு இடத்துச் செயற்கைக்கோள் உயரங்களை மாதிரித் திருத்தமின்றிக் கழித்தால், தெற்கு நோக்கித் தாழும் ஜியாய்டின் சரிவும் கணக்கில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் மேட்டுக்கு ஓடுவதாகக்கூட வரைபடம் சொல்லக்கூடும். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் இன்னொரு சிக்கல். அங்கே மணல்திட்டு படகைக் கவிழ்க்கிறது, உயிர் போகிறது; அதனால் ஆழம் சரியாகத் தெரிய வேண்டும். ஆனால் ஆழத்தைத் தாழ்வோத மட்டத்திலிருந்தும் தரை உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்தும் எழுதும் வழக்கம் உண்டு. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை அங்கேயே ஓதமானி வைத்து அளக்க வேண்டும். எந்த ஈர்ப்பு மாதிரியும் அதைத் தராது.

அப்படியானால், புள்ளிக்குப் புள்ளி உயர வித்தியாசத்தை அளந்து செல்லும் பழைய லெவலிங்கே போதுமா? அதையும் ஏற்க முடியாது. பெஞ்ச் மார்க் எனப்படும் உயரம் குறித்த ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நகரும்போது பிழை சேர்கிறது, வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். சாலை அகலப்படுத்தும்போது கற்களே காணாமல் போகின்றன. 1909இல் இந்திய உயர அடிப்படையை வகுத்தபோது, ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தை ஒன்றுபோலவே பூஜ்யமாக எடுத்துக்கொண்டார்கள். கடல் எல்லாத் துறைமுகத்திலும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை.

என் தீர்ப்பு இது. கால்வாய், வடிகால், துறைமுகம் போன்ற வேலைகளுக்குச் செயற்கைக்கோளையும் இஜிஎம்2008ஐயும் மட்டும் நம்புவது தவறு. ஆற்றின் இரு கரையிலுமாக, ஒரே கோட்டில் அமையாத மூன்று நல்ல பெஞ்ச் மார்க்குகளாவது வேண்டும். அவற்றில் மாதிரியைச் சரிபார்த்து, விலகலையும் சாய்வையும் நீக்கியபின் இடைப்பட்ட நிலத்துக்கு அதே முறையைத் தாராளமாக நம்பலாம். அப்போது லெவலிங்கைவிட அது வேகமானது, மலிவானது, போதிய துல்லியமும் உள்ளது. 2022 தேசிய புவிசார் கொள்கை நாடு முழுமைக்கும் துல்லியமான ஜியாய்டு வேண்டும் என்கிறது. அதற்கான ஈர்ப்பு அளவீட்டில் குமரிக் கடலோரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். அதுவரை, ‘தரை உயரம் 1.2 மீட்டர்’ என்று மட்டும் எழுதிய திட்ட வரைபடத்தைப் பஞ்சாயத்தோ மீனவர் சங்கமோ ஏற்கக் கூடாது. எந்த ஈர்ப்பு மாதிரி, எந்த பெஞ்ச் மார்க், எந்த ஆண்டு அளந்தது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.