‘நன்று’ என்னும் தீர்ப்பு

விமரிசகர் எனப்படுவோர் நாவலைப் படிக்கின்றனர், கவிதையைப் படிக்கின்றனர். அரசாங்க அறிக்கைகளைப் படிப்பதில்லை. அவை உரைநடையென்று கொள்ளத்தக்கனவல்ல என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். நாவலின் ஒரு பக்கம் பொய்த்துப்போனால் வாசகன் கொட்டாவி விட்டுப் புத்தகத்தை மூடிவிடுவான். பரிசோதனை அறிக்கையின் ஒரு பக்கம் பொய்த்துப்போனால், தனக்கு நேர்ந்ததைச் சொல்ல மாட்டாத ஒருவர் பூட்டிய கதவின் பின்னே அடிவாங்குவார். ஆகவே இவ்வறிக்கைகளையும் விமரிசன நோக்கில் ஆராய வேண்டிய கடமை நமக்குண்டு.

நாம் எடுத்துக்கொண்ட விடயம் இங்கிலாந்தைச் சார்ந்தது. கற்றல் இடர்ப்பாடு என்று அங்கு வழங்குவது, எழுத்துக்கூட்டித் தடுமாறும் மாணவனின் நிலையைக் குறிப்பதன்று. பிறப்பிலிருந்தோ இளமையிலிருந்தோ அறிவு வளர்ச்சி மட்டுப்பட்டு, வளர்ந்த பின்னரும் அன்றாட வாழ்வுக்குப் பிறர் துணை வேண்டிநிற்கும் நிலையையே அத்தொடர் குறிக்கின்றது. இத்தகையோர் தங்கியிருக்கும் விடுதிகளையும் வைத்தியசாலைகளையும் பரிசோதிப்பதற்கெனப் பராமரிப்புத் தர ஆணைக்குழு என்னும் அமைப்பு 2009 முதல் அங்கு இயங்கி வருகின்றது. பரிசோதகர் ஐந்து கேள்விகளைக் கேட்பர்: இடம் பாதுகாப்பானதா, பயன் தருவதா, பரிவுடையதா, தேவைக்கேற்ப இயங்குவதா, நன்கு நடத்தப்படுவதா? 2014 முதல் ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு தரங்களில் ஒன்று வழங்கப்படுகின்றது. ‘மிகச் சிறந்தது’, ‘நன்று’, ‘மேம்பாடு வேண்டியது’, ‘போதாதது’ என அவற்றைத் தமிழில் கூறலாம். கேள்விகளில் நாம் குற்றம் காணவில்லை. அவற்றுக்கு விடை எங்கே தேடப்படுகின்றது என்பதே ஆராய்ச்சிக்குரியது.

பிறிஸ்ரல் நகருக்கு அண்மையில் ஹாம்புறூக் என்னுமிடத்தில் ‘வின்ரர்போண் வியூ’ என்ற தனியார் வைத்தியசாலை 2006 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கு இருந்தவை 24 கட்டில்கள். ஒரு நோயாளிக்கு வாரமொன்றுக்குச் சராசரியாக 3,500 பவுண் பொதுப்பணம் காசில்பெக் என்னும் கம்பனிக்குச் சென்றுகொண்டிருந்தது. 2011 மே 31ஆந் திகதி பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி அவ்விடத்தின் உள்ளகத்தை நாட்டுக்குக் காட்டிற்று. நோயாளிகள் அறையப்பட்டனர், தரையிலே இழுக்கப்பட்டனர், நாற்காலியின் கீழ் அமுக்கி வைக்கப்பட்டனர். உடுத்த உடையோடு குளிர்நீர் ஊற்றப்பட்ட பெண்ணொருத்தி கடுங்குளிரில் வெளியே விடப்பட்டாள். அடுத்த மாதமே வைத்தியசாலை மூடப்பட்டது. ஊழியர் 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்; அவர்களில் 6 பேர் 2012 ஒக்ரோபரில் சிறை சென்றனர்.

இக்கொடுமைகள் இரகசியமாயிருந்தமையால் எவரும் அறியவில்லை என்று சிலர் கூறக்கூடும். மார்கிறற் பிளின் என்பார் எழுதி 2012 ஓகஸ்டில் வெளிவந்த மீளாய்வு அறிக்கையைப் படிப்போர் அங்ஙனம் கூறத் துணியார். 2010ஆம் ஆண்டில் நோயாளிகளைப் பலவந்தமாகப் பிடித்து அடக்கிய சந்தர்ப்பங்கள் 379 என்று அந்நிறுவனத்தின் ஏடுகளே பதிவு செய்திருந்தன. 24 கட்டில்களையுடைய ஒரு வீட்டில் நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல்! உள்ளூராட்சிச் சபைக்குக் கிடைத்த எச்சரிக்கைகள் 40. அங்கு பணிபுரிந்த மூத்த தாதியொருவர் 2010 ஒக்ரோபரில் முகாமைக்கு எழுதினார். பின்னர் ஆணைக்குழுவுக்கும் அறிவித்தார். எழுத்து இருந்தது, எழுத்தைப் படிப்போர் இருக்கவில்லை. ஒவ்வோர் எச்சரிக்கையும் தனிச்சொல்லாகப் பார்க்கப்பட்டதேயன்றி, அச்சொற்கள் சேர்ந்து ஆக்கிய வாக்கியத்தை யாரும் வாசிக்கவில்லை.

உறவினர் பார்க்க வந்தால் நோயாளியை அவருடைய அறையிலே காண முடியாது. மேல்மாடி அவர்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தது. ஒரு தாய் தன் பிள்ளை உறங்கும் கட்டிலைக் காண முடியாத வீடு எத்தகையது என்று அறிய ஐந்து கேள்விகள் வேண்டுமா? அந்த ஒன்றே போதுமே.

இனி அறிக்கைகளின் மொழியைப் பார்ப்போம். இவ்வகை எழுத்திலே எழுவாயைக் காண்பது அரிது. திட்டம் வகுக்கப்பட்டுள்ளது, பயிற்சி வழங்கப்பட்டுள்ளது, கௌரவம் பேணப்படுகின்றது என்று செயப்பாட்டு வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுக்கும். யார் வகுத்தார், யாருக்குப் பயிற்சி, யாருடைய கௌரவம் என்று கேட்டால் வாக்கியம் மௌனமாகிவிடும். இம்மொழி எங்கிருந்து வருகிறதென ஆராய்ந்தால், பரிசோதிக்கப்படும் நிறுவனத்தின் கோப்புகளிலிருந்தே பெரும்பாலும் வருகின்றது என்பது புலனாகும். கோப்பு தன்னைப் பற்றிக் கூறியதைப் பரிசோதகர் மீண்டும் கூறுகிறார். நாவலாசிரியன் ஒருவன் தன் நூலுக்குத் தானே எழுதிய முன்னுரையை விமரிசகன் பெயர்த்தெழுதினால் அதனை விமரிசனமென்று நாம் ஏற்போமா?

ஆசிரியராகிய நமக்கு இது புதிதன்று. வித்தியாதரிசி என்ற பதவிப்பெயர் இன்று வழக்கொழிந்துவிட்டது. அவர் வருகைக்காக நடந்த ஆயத்தங்கள் ஒழியவில்லை. பாடக்குறிப்புப் புத்தகம் நிரம்பியிருக்கும், வரவு இடாப்புத் திருத்தமாயிருக்கும், சுவர்களிலே புதிய படங்கள் தொங்கும். எழுதத் தெரியாத பிள்ளை அன்றும் கடைசி வாங்கிலேயே இருக்கும். ஆயினும் அப்பிள்ளை மாலையில் வீடு செல்கிறது. நடந்ததைத் தாயிடம் சொல்கிறது. நாம் பேசும் மனிதருக்கோ அந்த வகுப்பறையே வீடு.

இத்தகைய அறிக்கைகள் யாவும் மோசமானவை என்று கருதிவிடலாகாது. காடிவ் நகரின் ஈலி வைத்தியசாலை பற்றி 1967இல் ஊழியர் ஒருவர் கூறிய குற்றச்சாட்டுகள் ஞாயிறு இதழொன்றில் வெளியாயின. விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் ஜெவ்ரி ஹவ் 1969 மார்ச்சில் வெளியான அறிக்கையை எழுதினார். பிற்காலத்தில் இவர் பழைமைபேண் கட்சியின் நிதியமைச்சராகித் தொழிலாளர்க்கு எதிரான பொருளாதாரக் கொள்கைகளை நடத்தியவர். அவருடைய அரசியலோடு நமக்கு எவ்வித உடன்பாடும் இல்லை. ஆனால் அவ்வறிக்கையின் அமைப்பு போற்றத்தக்கது. அது ஒவ்வொரு சம்பவத்தையும் தனியே எடுத்து, சாட்சியங்களை நிறுத்துப் பார்த்து, நோயாளியை அடித்த கையிலிருந்து தொடங்கி, முறைப்பாட்டை அலட்சியம் செய்த மேலாளரிடம் சென்று, அங்கிருந்து நிருவாகக் குழுவுக்கும் பிராந்தியச் சபைக்கும் படிப்படியாக ஏறுகின்றது. பொறுப்பு மேல்நோக்கிச் செல்வதை அதன் வசன ஒழுங்கே காட்டுகின்றது. சுருக்கத்தை மட்டும் வெளியிட்டால் போதுமென்ற எண்ணம் அதிகாரிகளிடையே இருக்கவும், தொழிற்கட்சி அமைச்சர் றிச்சட் குறொஸ்மன் முழுவதையும் வெளியிடச் செய்தார். அதன் விளைவாக 1969இல் ஒரு கண்காணிப்பு அமைப்புத் தோன்றியது. ஆனால் பரிசோதனை என்ற சொல் வைத்தியர்களுக்குக் கசக்கும் என்பதால் அதற்கு ‘வைத்தியசாலை ஆலோசனைச் சேவை’ என்று பெயரிட்டனர். பெயரிலேயே சமரசம்.

அரை நூற்றாண்டு கழிந்தது. டேரம் மாவட்டத்திலுள்ள ‘வோள்ற்றன் ஹோல்’ என்னும் வைத்தியசாலையை 2015இல் பரிசோதித்த குழு குறைகளைக் கண்டு அறிக்கை எழுதிற்று, அவ்வறிக்கை வெளியிடப்படவில்லை. மறு ஆண்டு வேறொரு பரிசோதனை நடந்தது. ‘நன்று’ என்று தரம் வழங்கப்பட்டது. 2017இலும் ‘நன்று’. 2019 மே மாதத்தில் மீண்டும் ‘பனோரமா’; மீண்டும் மறைகமரா; மீண்டும் ஏளனமும் மிரட்டலும் வதையும். அதற்கு முந்திய ஓராண்டிலே அதிகார அமைப்புகளைச் சேர்ந்தோர் குறைந்தது 100 தடவை அங்கு சென்றிருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது. 2015ஆம் ஆண்டு அறிக்கையை வெளியிடாது விட்டமை தவறென்று டேவிட் நோபிள் 2020இல் முடிவு கூறினார்.

நூறு வருகைகள் காணாததை மறைகமரா கண்டதேன்? கமராவுக்கு நுண்ணறிவு அதிகம் என்பதால் அன்று. வின்ரர்போண் வியூவில் அதனைச் சுமந்த செய்தியாளர் ஐந்து வாரம் ஊழியராகவே அங்கு உழைத்தார். வோள்ற்றன் ஹோலில் அவ்வாறு சென்றவர் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தார். இரவுணவின் பின்னரும் இருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமையும் இருந்தார்கள். விருந்தினராக வந்தவருக்குக் காட்டப்படாதது வேலையாளாக வந்தவருக்கு மறைக்கப்படவில்லை. வோள்ற்றன் ஹோல் பற்றிக் கென்ற் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளினிஸ் மேர்பி 2020இல் எழுதிய மீளாய்வும் முன்னறிவிப்பின்றி மாலையிலும் வார இறுதியிலும் செல்லுமாறு வற்புறுத்துகின்றது.

பிளினின் அறிக்கைக்குத் திரும்புவோம். நம் மதிப்பில் இத்துறையிலே இலக்கியத் தரமுடைய எழுத்து அதுவே. அடித்தவர்களின் கொடுமையை விபரித்ததோடு அமையாது, வாரம் 3,500 பவுணுக்கு எது வாங்கப்பட்டது என்று அது கேட்கின்றது. பொதுப்பணம் செலுத்திய அதிகாரிகள் தாம் வாங்கிய பண்டத்தைச் சென்று பார்த்தனரா? நோயாளியின் கட்டில் வெறுமையாகாதிருப்பதிலே கம்பனிக்கு நலன் உண்டு. அவர் குணமடைந்து வீடு செல்வதில் என்ன நலன் உண்டு? இவ்வினாவைத் தரக்கேள்விகள் ஐந்தும் தொடுவதில்லை. பன்னிரண்டு மணிநேர வேலைமுறையில், அற்ப பயிற்சியோடு, குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்ட இளைஞர் சிறை சென்றனர். அவர்கள் செய்தது கொடுமையே. அதனை வறுமையால் மன்னிக்க நாம் முன்வரவில்லை. ஆனால் இலாபம் பெற்ற இயக்குநர் எவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படவில்லை. நிறுவனத்தையே குற்றவாளியாக்க வழிசெய்யும் சட்டம் 2015இலேதான் வந்தது.

ஒரு மாற்றத்தை மனமுவந்து வரவேற்கலாம். வின்ரர்போண் வியூ அம்பலமான பின்னர் ஏறத்தாழ 150 இடங்களை ஆணைக்குழு பரிசோதித்தபோது, கற்றல் இடர்ப்பாடுடையோரும் அவர்களைப் பராமரித்த குடும்பத்தினரும் பரிசோதகரோடு உடன் சென்றனர். அனுபவத்தால் அறிந்தோர் என அவர்களுக்குப் பெயர். 2012இல் வெளியான முடிவின்படி, கிட்டத்தட்ட அரைவாசி இடங்கள் விதித்த தரங்களை எட்டவில்லை. இதுவரை அறிக்கையின் பாத்திரமாக மட்டுமிருந்தவர் இப்போது கதைசொல்லியின் பக்கத்தில் அமர்கிறார். அத்தகைய ஒருவர் கேட்கக்கூடிய கேள்விகள் வேறு: சமையலறைச் சாவி யாரிடம்? தேநீர் வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்? படுக்கும் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்? சொற்களால் பேசாதவரின் சைகை இங்கு எத்தனை பேருக்கு விளங்கும்? ஆயினும் அவரைக் குழுவில் அலங்காரமாக வைத்துக்கொண்டு, அறிக்கையைப் பழைய செயப்பாட்டு வினைகளிலேயே எழுதி முடிக்கவும் இயலும். இதனைக் கவனித்தல் வேண்டும்.

இது இங்கிலாந்தின் பிரச்சினை, நமக்கென்ன என்று வாசகர் சிலர் கேட்கலாம். வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. வலுவிழந்தோருக்கான நிலையங்கள் யாவும் சுதந்திரமான அதிகாரிகளால் கண்காணிக்கப்படல் வேண்டுமென அதன் 16ஆம் உறுப்புரை விதிக்கின்றது. நம் நாட்டிலும் அறிக்கை எழுதப்பட வேண்டும் என்பதே இதன் பொருள். அதனை எழுதப்போவோர் இன்று நம் வகுப்புகளில் கட்டுரை எழுதப் பழகுகின்றனர். செயப்பாட்டு வினையில் எழுதினால் கண்ணியமாயிருக்கும் என்று அவர்களுக்குக் கற்பிப்பவரும் நாமேயல்லவா?

வோள்ற்றன் ஹோல் வழக்கிலே குற்றவாளிகளென 2023இல் காணப்பட்ட நால்வருக்கும் 2024 ஜனவரியில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையே கிடைத்தது. அவசியமின்றி வைத்தியசாலைகளில் வைக்கப்பட்டோரை 2014 யூனுக்குள் சமூகத்துக்குள் மீட்டெடுப்பதாக அரசாங்கம் வின்ரர்போண் வியூவின் பின்னர் வாக்களித்திருந்தது. அத்தவணை கடந்து பத்தாண்டு நிறைந்த 2024இலும், கற்றல் இடர்ப்பாடுடையோரும் ஓட்டிசம் உடையோருமாக ஏறத்தாழ 2,000 பேர் இங்கிலாந்தின் மனநோய் வைத்தியசாலைகளிலேயே இருந்தனர்.