மேடைக்கு மீண்ட அனார்க்கலி

இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய 'அனார்க்கலி' நாடகத்தை அடியொற்றிக் கே. ஆசிப் 1960இல் 'முகல்-ஏ-ஆஸம்' திரைப்படத்தை அளித்தார். அப்படத்தைப் பெரோஸ் அப்பாஸ் கான் 2016இல் மும்பையில் இசைநாடகமாக மேடையேற்றினார்.

நௌஷாத்தின் பாடல்களும் கதக் ஆட்டமும் அரங்கைக் களிப்பில் ஆழ்த்துகின்றன. எனினும் நாடகத்தின் உயிர் வேறோரிடத்தில் உளது. திரையில் ஆடியவர் மதுபாலா. பாடியவர் லதா மங்கேஷ்கர். மேடையிலோ அனார்க்கலியாக நடிப்பவரே பாடுகின்றார். அரசன்முன் தன் காதலை அவள் அறிவிக்கும்போது அச்சமும் துணிவும் அவள் மூச்சிலேயே புலனாகின்றன.

மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைக் கண்டோர்க்கு இது புதிதன்று. வட்டக்களரியில் ஆடுபவரே பாடுவர். அண்ணாவியாரின் மத்தளமும் பிற்பாட்டும் அவரைத் தாங்கும். மும்பை மேடையில் ஒளியால் எழுப்பிய அரண்மனைகளோ சிலவேளை நடிகரை மறைக்கின்றன. திரையிடம் மேடை பாடலை இரவல் பெறலாம். குரலை இரவல் பெறலாகாது.