திருப்தி என்னும் சடங்கு

காஞ்சிபுரத்தில் திதி கொடுக்கிற வீடுகளில், சாப்பிட்டு முடித்த பிராமணர்களைப் பார்த்து ‘திருப்தியா?’ என்று கேட்கிற சடங்கு உண்டு. எச்சில் இலை எடுக்கிறவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அதே சொல்லை இன்று அரசு மருத்துவமனைகள் நம்மிடம் நீட்டுகின்றன. 2016இல் மத்திய அரசு தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’ திட்டம், சிகிச்சை பெற்றுத் திரும்பியவரிடம் செல்போனில் திருப்தியா இல்லையா என்று கேட்கிறது. இல்லையென்றால் காரணமும் சொல்லலாம்: ஊழியர் நடத்தை, சுத்தம், செலவு. சாதி என்றொரு காரணம் பட்டியலில் கிடையாது. கேள்வித்தாளும் ஒரு பிரதிதான். அது கேட்காமல் விடுவதில்தான் அதன் அரசியல் இருக்கிறது.

அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு பிரதியில் ஒரு கடிதம் வருகிறது. 1929 டிசம்பர் 12 ‘யங் இந்தியா’வில் வெளியானது. எழுதியவர் கத்தியவாரில் தீண்டப்படாதார் பள்ளிக்கூட ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு மோசமாகிறது. சேரிக்குள் வரமாட்டேன், வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார் டாக்டர். இரண்டு ரூபாய் பீசுக்கு ஊர்ப் பெரிய மனிதர் ஜாமீன் நிற்கிறார். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம், கணவர் மனைவிக்கு. வந்த வழியே அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார். மருந்தும் அனுப்புகிறார். அந்தப் பெண் செத்துப்போனார்.

இந்தச் சாவுக்குத் திருப்திப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். டாக்டர் வந்தாரா? வந்தார். காய்ச்சல் பார்த்தாரா? பார்த்தார். நோயைச் சொன்னாரா? சொன்னார். மருந்து? கிடைத்தது. எல்லாம் ‘ஆம்’. தொட்டாரா என்ற கேள்விதான் இல்லை.

அது அந்தக் காலம் என்பார்கள். எங்க பெரியம்மா கூலித்தறியில் இருபது வருஷம் காலைக் குழியில் தொங்கவிட்டு உட்கார்ந்தவர். இடுப்பு வலி என்று ஆரம்ப சுகாதார நிலையம் போய்வந்தவரிடம், டாக்டர் எப்படிப் பார்த்தார் என்று கேட்டேன்.

“நல்லா பாத்தாருப்பா. ஸ்டூல்ல குந்தச் சொன்னாரு.”

“இடுப்ப தொட்டுப் பாத்தாரா?”

“அதெல்லாம் இன்னாத்துக்கு? வாயால கேட்டாரு, சீட்டு எழுதுனாரு. கத்தல, அதுவே பெருசு.”

படிவம் வந்திருந்தால் பெரியம்மா முழு மார்க் போட்டிருப்பார். அவர் மதிப்பிட்டது சிகிச்சையை அல்ல, அவமானம் நேராமல் போனதை. அமர்த்தியா சென் 2002இல் இதையே வேறு வழியில் எழுதினார். ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்கிறவர்கள் அதிகம். சீக்கிரம் சாகிற பீகாரில் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. படித்தவர்களும் ஆஸ்பத்திரி கண்டவர்களும் குறை சொல்கிறார்கள். இல்லாதவர்களுக்கு வலியே வழக்கமாகிவிடுகிறது.

டாக்டர்களின் திருப்தி பற்றியும் பேசுகிறார்கள். குவார்ட்டர்ஸ் இல்லை, ஆள் பற்றாக்குறை, கூட்டம் என்ற அவர்கள் குறை பொய்யல்ல. 67 நாடுகளைப் பற்றிய 2017ஆம் வருஷ ஆய்வு ஒன்றில், ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் சுவீடனில் 22.5 நிமிஷம், பங்களாதேஷில் 48 விநாடி. இந்தியாவில் ஏறக்குறைய இரண்டு நிமிஷம். அதற்குள் இருபது வருஷத் தறியை எப்படி விசாரிப்பது? காஞ்சிபுரத்தில் முன்பணத்துக்காகத் தறியில் உட்காரவைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதியது. அந்தக் குழந்தைகள் இன்று நடுவயதை நெருங்கி ஓ.பி. வரிசையில் நிற்பார்கள். ஆனால் நேரமின்மை எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. மறுபடி மறுபடி கேட்கத் தெரிந்தவன் மூன்றாவது நிமிஷத்தையும் வாங்கிக்கொண்டு போகிறான். டாக்டருக்குத் திருப்தி தருகிற நோயாளி, எதையும் கேட்காத நோயாளி. அதாவது எங்க பெரியம்மா.

வேறு மாதிரி கேட்கவும் முடியும். சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் கேட்டவை 2010இல் ‘பிளாக்ட் பை காஸ்ட்’ தொகுப்பில் வந்தன. சிகிச்சையை அவர் துண்டு துண்டாகப் பிரித்தார்: தொடுதல், பேச்சு, காத்திருப்பு, சோதனை, மருந்து கொடுத்தல். பாகுபாடு மிக அதிகமாகத் தெரிந்த இடங்களில் முன்னால் நிற்பது மருந்து கொடுக்கும் இடம். நர்சிங்கும் சமூகப்பணியும் படிக்கிற நம் பிள்ளைகள் வாலாஜாபாத், அய்யம்பேட்டைப் பக்கத்துக் காலனிகளில் இதையே கேட்கலாம். மாத்திரையைக் கையில வச்சாங்களா, மேலேர்ந்து போட்டாங்களா என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.