கடைமடை வரை ஒரு பார்வை

1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய், குளம், மடை எனப் பிரிந்து நாஞ்சில் நாட்டு வயல்களைச் சேர்வதுபோல, கணினியின் நினைவகத்தைக் கேட்கும் நிரல்களுக்குப் பங்கிட்டுத் திரும்பப் பெறும் பகுதியொன்று இயங்குதளத்தின் மையமாகிய கெர்னலில் உண்டு. அதனை ஒதுக்கி என்பர். லினக்ஸில் 2007இல் சேர்ந்த 'ஸ்லப்' ஒதுக்கி, பொதுவாக 4096 பைட் அளவுள்ள பக்கங்களைச் சம அளவுத் துண்டுகளாக வகுத்து, காலியான துண்டுக்குள்ளேயே அடுத்த காலித் துண்டின் முகவரியை எழுதி வைக்கிறது. பட்டியலுக்கெனத் தனியிடம் வேண்டாத இச்சிக்கனம் அழகானது.

இவ்வொதுக்கியின் நிரலில் ஒருவர் முன்வைக்கும் 'பேட்ச்' என்னும் திருத்தத்தை மற்றொருவர் வரிவரியாகப் படித்துச் சரிபார்ப்பதும் அதற்கிணையான கலையே. ஒரே துண்டு இருமுறை விடுவிக்கப்பட்டால் பின்னர் அது இருவருக்கு ஒதுக்கப்பட்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க நேரும் என்பதால், தேர்ந்த சரிபார்ப்பாளர் புதிய வரிகளோடு நில்லாமல், பிழை நேர்ந்து பாதியில் திரும்பும் வழிகளையும் தொடர்ந்து சென்று, ஒரே நேரத்தில் இருவர் தொடாதிருக்க இட்ட பூட்டு ஒவ்வொரு வழியிலும் திறக்கப்படுகிறதா, பெற்ற துண்டு ஒருமுறை மட்டுமே திருப்பித் தரப்படுகிறதா என்று பார்க்கிறார். 2024இல் வந்த லினக்ஸின் 6.8ஆம் பதிப்பில், ஸ்லப்புக்கு முந்தைய பழைய 'ஸ்லாப்' ஒதுக்கி நீக்கப்பட்டது. சேர்ப்பதைப் போலவே நீக்குவதற்கும் இக்கவனம் வேண்டும். மேல்மடையின் சிறு கசிவு கடைமடையைக் காயவிடும் என்பதை அறிந்த உழவரின் பொறுப்புணர்வே இவ்வாசிப்பின் உயிர்.