சுசந்திகா எண்டால் சும்மாவா!

சுசந்திகா ஜயசிங்கவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிற்பாட்டத் தெரியாது. வீட்டுக்காரருக்குக் காது புளித்துப் போச்சு, சந்திக் கடையில் தேத்தண்ணி குடிக்க வருகிறவர்கள் என்னைக் கண்டதும் வேறு கதை எடுக்கிறார்கள். ஆனபடியால் இனி நீங்கள் கேளுங்கோ.

2000 செப்ரெம்பர் 28. சிட்னி ஒலிம்பிக், பெண்கள் 200 மீற்றர் இறுதி ஓட்டம். நினைச்சுப் பாருங்கோ, அங்கே இரவு, வெளிச்சம் கொட்டுகிற மைதானம். எட்டுச் சுவட்டிலும் ஆர் ஆர் நிற்கினம் தெரியுமோ? ஐந்து தங்கம் எடுக்கப்போகிறேன் என்று வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். மூன்று நாளைக்கு முன்னர்தான் 400 மீற்றரில் தங்கம் எடுத்து அவுஸ்திரேலியாவையே எழும்பி நிற்கவைத்த கதி ஃப்ரீமன். 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் இதே தூரத்தில் சுசந்திகாவை முந்திய உக்ரேனின் ஷானா பின்துசெவிச். பஹாமாஸின் போலின் டேவிஸ். இத்தனை பேருக்கு நடுவில், கேகாலை மாவட்டத்தில் வறக்காப்பொலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வறுமையோடு வளர்ந்து, வெறுங்காலோடு ஓடிப் பழகிய ஒரு பிள்ளை!

வெடி தீர்ந்தது. ஜோன்ஸ் எங்கேயோ போய்விட்டார், அவரை விடுங்கோ, பின்னால் பாருங்கோ, அங்கேதான் உண்மையான பந்தயம். கோட்டுக்குக் கிட்ட வர வர சுசந்திகாவும் போலின் டேவிஸும் தோளோடு தோள், ஆர் முன்னுக்கு என்று எந்தக் கண்ணாலும் சொல்ல ஏலாது. டேவிஸ் 22.27 செக்கன், சுசந்திகா 22.28! ஒரு செக்கனை நூறாகப் பிரித்து அதில் ஒன்று! இமை கொட்டக்கூட அது காணாது. வெண்கலம்! 1948இல் லண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி எடுத்த பிறகு, 52 வருசம் காய்ந்து கிடந்த நாட்டுக்கு ஒரு ஒலிம்பிக் பதக்கம். அதுக்கு முதல் எந்த ஆசியப் பெண்ணும் ஒலிம்பிக் 200 மீற்றரில் பதக்கம் தொட்டதில்லை.

இதை நாங்கள் அண்டைக்குப் பார்க்கேல்லை. யுத்த காலம், வன்னிக்குள் கரண்ட் ஏது, ரீவி ஏது? பற்றறிக்கே தடை. மல்லாவியில் எங்கட கொட்டிலுக்கு முன்னால் சைக்கிளைத் தாங்கியில் ஏற்றி நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரோடு அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயரை வானொலிக்கு இழுத்திருந்தோம். ஒருத்தன் ஏறியிருந்து உழக்கவேணும். வேகமாய் உழக்கினால் குரல் பெருக்கும், களைத்தால் தேயும், நிற்பாட்டினால் செத்துப்போகும். அன்றிரவு செய்தி வருகுது, உழக்குகிறவன் என் சின்ன மச்சான், சுற்றிவரப் பத்துப் பதினைந்து தலை, கால்மாட்டில் அரிக்கன் லாம்பு, எல்லாருடைய காதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளே, “சிட்னி” என்ற சொல் கேட்டுது, “இருநூறு மீற்றர்” கேட்டுது, “சுசந்திகா” கேட்டுது, அவ்வளவுதான், பெடியன் சந்தோசத்தில் காலை எடுத்துவிட்டான், வானொலி அப்படியே மௌனம்! “உழக்கடா! உழக்கடா!” என்று கிழவர் முதல் குஞ்சு குருமான் வரை கத்த, அவன் மூச்சிரைக்க உழக்க, திரும்பக் குரல் எழும்பி “வெண்கலப் பதக்கம்” என்று சொன்ன அந்தக் கணம்! நான் துள்ளிக் குதித்தேன், அழுதேன், இருட்டென்றும் பாராமல் ஒழுங்கை முழுக்க ஓடினேன், ஏன் ஓடினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் சிங்களப் பெண், நாங்கள் செல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் இருந்த சனம். கொழும்புச் செய்தி என்றாலே நெஞ்சு இறுகிப்போகிற காலம் அது. எல்லாம் தெரிந்துதான் ஓடினேன். அந்த இரவு என்னால் அவரைப் பிறத்தியாராக நினைக்க முடியவில்லை!

இன்னொரு புதினம் சொல்லட்டோ? அதே நூறில் ஒரு பங்கு ஏதென்ஸில் அவர் பக்கம் நின்றிருக்குது. அங்கே சுசந்திகா 22.39, வெள்ளி. மூன்றாவதாக வந்தவர் ஆர்? ஜமேக்காவின் மெர்லின் ஒட்டி, 22.40! ஓட்ட உலகத்தின் மகாராணியையே ஒரு மயிரிழையில் பின்தள்ளியவர் எங்கட ஆள். சிட்னியில் பின்துசெவிச்சும் ஃப்ரீமனும் அவருக்குப் பின்னால்தான் கோட்டைத் தாண்டினார்கள்.

1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு ஒன்று வந்தது, அதிலிருந்து விடுபட்டு வந்தார். அதிகாரிகளோடு ஓயாமல் முட்டுப்பட்டார் என்றும் சொல்லுவினம். முட்டுப்படட்டுமே! பிறகு 2007இல் மரியன் ஜோன்ஸ் தானே ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொள்ள, 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. ஒன்பது வருசம் பிந்தி வந்த வெள்ளி.

ஒசாக்காவை விட்டால் எனக்கு நித்திரை வராது. 2007 உலகப் போட்டி, அவருக்கு 31 வயது, எல்லாரும் முடிஞ்சுது என்று நினைத்திருந்த நேரம். அலிசன் ஃபீலிக்ஸ் 21.81, வெரோனிக்கா கம்பல் 22.34, அடுத்தது 22.63, சுசந்திகா! ஏதென்ஸ் பதக்கத்துக்கும் இதுக்கும் நடுவில் முழுசாகப் பத்து வருசம். இடையில் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 100 மீற்றர் தங்கம் வேறை, 11.15 செக்கனில்! அவருடைய சொந்தச் சாதனைகள் 100 மீற்றரில் 11.04, 200 மீற்றரில் அந்தச் சிட்னி 22.28. இலங்கையில் எந்தப் பெண்ணும் இன்னும் அந்த இரண்டையும் கடக்கவில்லை.

இப்ப கைபேசியில் அந்த ஓட்டத்தைப் போட்டுப் பார்க்கிறேன், முடிவு தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் “நெஞ்சைக் குடு, நெஞ்சைக் குடு!” என்று கத்துகிறேன். தை, மாசி வந்தால் எங்கட பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. சுண்ணாம்புக் கோட்டில் வெறுங்காலோடு நிற்கிற பெண் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மேலெல்லாம் சிலிர்க்கும். முள்ளியவளை அம்மா ஒருவர் 72 வயதில் 2023இல் பிலிப்பைன்ஸ் போய், மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் எடுத்து வந்த மண் இது!

வாத்தியார்மாரே, தாய் தகப்பன்மாரே, ஒரு உதவி செய்யுங்கோ. பயிற்சி தொடங்க முதல், பிள்ளைகளை இருத்தி அந்த 22.28 செக்கனைப் போட்டுக் காட்டுங்கோ. அரை நிமிசம்கூடச் செல்லாது.