விதைநெல்லும் காப்புப் பிரதியும்

நெருக்கடிக் காலத்தில் தரவுகளைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு பதில் தயாராக இருக்கும்: "எங்ககிட்ட காசு இல்லைங்க." இந்தப் பதில் எவ்வளவு தூரம் தாங்கும்னு பார்க்க, இலங்கையில் 2023-ல் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடை ரான்சம்வேர் தாக்கியது; கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை. சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகம் உட்பட. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயே போயின. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. தனியாகக் கழற்றி வைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கு இல்லை.

பொறுப்பான ஐசிடிஏ சொன்ன விளக்கம் இது: ஓடியது பழைய எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருள். 2021-லேயே மாற்றத் திட்டமிருந்தது. நிதித் தட்டுப்பாட்டாலும் முந்தைய நிர்வாகக் குழு முடிவுகளாலும் தள்ளிப்போனது.

2022-ல் வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு. மென்பொருளைப் புதுப்பிக்காததற்கு அது நியாயமான காரணம்தான். பிரதியைக் கழற்றி வைக்காததற்கு? தாக்குதலுக்குப் பிறகு, தினமும் ஆஃப்லைன் பிரதி எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். அதற்குள் கஜானா ஒண்ணும் நிரம்பிடல.

1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் தன்னார்வலர்களை வைத்தே ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து சேர்த்தது. அவர்களிடமும் பெரிய நிதி இல்லை. ஒரே பிரதி என்றால் என்னவாகும் என்ற அனுபவம் இருந்தது.

கொமரலிங்கத்தில் அமராவதித் தண்ணியை நம்பி நெல் போடுறவங்களுக்கு இது புதுசில்ல. எவ்வளவு கஷ்டத்திலும் விதைநெல்லைத் தனியா எடுத்து வைப்பாங்க. ஆனா திருப்பூர் ஜாப் ஒர்க் ஆபீஸ்ல டேலி கணக்கோட பிரதி, அதே கம்ப்யூட்டர்ல செருகின பென்டிரைவ்லயே இருக்கும். கம்ப்யூட்டருக்கு வர்றது அதுக்கும் வரும்.

பிரதி எடுப்பதும் சும்மா நடந்துவிடாது. அதன் செலவு ஒருவரின் நேரம். அந்த நேரத்துக்குச் சம்பளம் தராமல், கணக்கரின் "சமாளிக்கும் திறமை"யை மட்டும் பாராட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. யார் வேலை, எந்தக் கிழமை என்று எழுதி வையுங்கள். அந்தப் பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். திறக்கலைன்னா, அது முளைக்காத விதை.